பிரேக் டவுன்

பஞ்சிகாவத்தையில், எங்கள் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில்
ஆங்கிலம் படிப்பது கஷ்டமில்லை.
வினை என்பது ஒரு போல்ட்.
அதன் வாலில் மாட்டுகிற நட்டுத்தான் சிக்கல்.

கிவ் என்றால் கொடு; அது பள்ளிக்கூடத்தோடு சரி.
கிவ் அப் என்றால் கைவிடு,
கிவ் இன் என்றால் பணிந்துபோ,
கிவ் பெக் என்றால்
தப்பான கிளட்ச் பிளேட்டோடு ஒருவர்
நாளைக் காலை எட்டு மணிக்கே வந்து நிற்பார்.

ரன் அவுட்டை நான் முதலில் கிரிக்கெட்டில் அறிந்தேன்.
பிறகு, டொலர் இல்லாத அந்த வருஷம்,
ராக்கைகள் வெறிச்சோடிக் கிடந்தபோது
சீன ஏஜென்டுக்கு முதலாளி சொல்லச்சொல்லத் தட்டினேன்:
வீ ஹேவ் ரன் அவுட்.
ஆட்டமிழந்தது யார் என்று
அவர்கள் கேட்கவில்லை.

புட் ஓஃபைக் கற்றுத்தந்தது சம்பளம்.
பத்தாம் திகதி. பதினைந்து. பிறகு பார்ப்போம்.

எல்லாவற்றையும் ஒரு பழைய பில் புத்தகத்தில்
பின்பக்கமாக எழுதிவருகிறேன்.
கார்பன் தாளொன்று இடையில் கிடந்ததால்
சில சொற்கள் இரண்டு தடவை இருக்கின்றன.

அன்றைக்கு வியாழன். மழை வரப்பார்த்தது.
மனேஜர் ரொட்ரிகோவிடமிருந்து செய்தி:
ரிஸ்மினா பிரேக் டவுன், பொரளை பேங்க் வாசலில்,
உடனே போ.

கணக்குப் பகுதி ரிஸ்மினா.
அவளுடைய ஸ்கூட்டி எனக்குத் தெரியும்,
இரண்டு வாரமாகவே இருமிக்கொண்டிருந்தது.
பதினான்காம் நம்பர் ஸ்பேனர், பிளக் ஒன்று,
ஜம்பர் கேபிள், ஒரு போத்தல் பெற்றோல்,
எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓட்டோ பிடித்து
மருதானைச் சந்தியின் சிவப்பு விளக்கில் வெந்து
போய் இறங்கினேன்.

ஸ்கூட்டி நிழலில் நின்றது.
குனிந்து பார்த்தேன். ஒரு குறையுமில்லை.
ஏ.டி.எம். கூண்டுக்குப் பக்கத்துப் படியில்
ஹெல்மெட்டைக் கழற்றாமல் அவள் இருந்தாள்.
முகக் கண்ணாடி உள்ளேயிருந்து
ஆவி பிடித்திருந்தது.

“என்ன வேலைசெய்யுதில்லை?”
ஸ்பேனரும் கையுமாய்க் கேட்டேன்.

அவள் ஸ்பேனரைப் பார்த்தாள்.
கேபிளின் சிவப்பு முனையை, பிறகு கறுப்பு முனையை.
“லோனை டேர்ன் டவுன் பண்ணிட்டாங்க, நேசன்.”

டேர்ன் டவுன் என்றால் என் புத்தகத்தில்
ரேடியோச் சத்தத்தைக் குறை.
நான் அப்படியே நின்றேன்.
தெருதான் எவ்வளவு சத்தம் போட்டது.

பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது,
குளிர்ந்த எஞ்சின் மூன்று தடவை பிடிக்காமல்
நாலாவதில் பிடிக்குமே,
அப்படி.

திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன்.
நம்முடைய பேச்சில் வண்டி நின்றுபோகும்,
ஆள் உடைந்துபோவாள்.
பால் திரிந்துபோகிறது, கடன் ஏறிப்போகிறது,
எதுவுமே கொஞ்ச நாளில் பழகிப்போகிறது.
நின்ற வண்டி எப்படிப் போகும்?
இந்தப் ‘போ’ எங்கேதான் போகிறது என்று
எந்த ஊரில் எந்த வெள்ளைக்காரன்
கொப்பியில் எழுதி எழுதி மண்டை காய்கிறானோ,
பாவம்.

“சோர்ட் அவுட் ஆகிற்றா?” என்றார் ரொட்ரிகோ.
நட்டுகளை அளவுவாரியாக டப்பாவில் போடுவதைத்தான்
எங்கள் கடையில் அப்படிச் சொல்வோம்.
“இல்லை சேர்” என்றேன்.
ஓட்டோக் காசு கேட்கவில்லை.

பில் புத்தகத்தில் பிரேக் டவுனுக்கு நேரே
வண்டி என்று முன்பே எழுதியிருந்தது.
வெட்டவும் மனமில்லை, சேர்க்கவும் இடமில்லை.

அடுத்த செவ்வாய், இரவு ஏழரை.
மழை பெய்தே விட்டிருந்தது.
ரிஸ்மினாவின் செய்தி: பிரேக் டவுன்.
கீழ்வரியில் தமிழில்:
இந்தமுறை வண்டிதான்.

ஸ்பேனரை எடுத்தேன்.
போகிற வழியில்
டிஷ்யூ பக்கெட் ஒன்றும் வாங்கினேன்.