மூணாவது நடை

கோபாலபுரம் செக்போஸ்ட்டில்
இரவு இரண்டு இருபதுக்கு
ஆந்திரத்துச் சித்தூரில் ஏற்றி
கேரளத்துச் சித்தூரில் இறக்க வேண்டிய லாரியை
நான்தான் கைகாட்டி நிறுத்தினேன்.
கால்நடை ஆய்வாளர்.
ஒரு டார்ச், ஒரு தெர்மாமீட்டர்,
ஒரு கால் குட்டையான ஸ்டூல்.

தடுப்புகளை நேராக வைக்காதே,
ஸ்டாகர் செய்து வை என்று மேலிடத்துச் சுற்றறிக்கை.
ரைட்டர் மயில்சாமி அதை மூன்று முறை படித்துவிட்டு
"தடுப்பு குடிச்சிருக்குங்களா மேடம்?" என்றார்.
ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று
இழுத்துப் போட்டிருந்தோம்.
லாரி அதற்குள் வளைந்து வளைந்து
வந்து நின்றது.

பலகையைச் சாய்த்ததும்
பத்து மாடுகள் அப்படியே நிற்க
ஒரு செவலை மட்டும் இறங்கியது.
முன்காலைத் தூக்கி
வைக்க இடம் தேடியது,
அத்தனை அகலத் தார் ரோட்டில்.

ஸ்டாகர்ஸ் என்று குறித்தேன்.
இளம்புல்லாகவே தின்று, பட்டினியும் கிடந்தால்
இரத்தத்தில் மக்னீசியம் இறங்கிப்போய் வருவது.
ஒரு மாட்டுக்கு வந்தாலும் பன்மையில்தான் எழுதவேண்டும்
என்று படித்திருக்கிறேன்.
தோளுக்குப் பின்னால் தோலடியில் ஊசி போட்டேன்.
அது என் டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் டிரைவர் இறங்கினார்.
ஓபுலேசு.
கதவைப் பிடித்தார், கதவு அவரோடு சேர்ந்து வந்தது.
மயில்சாமி ஊதச் சொன்னார்.
பூஜ்யம்.
இன்னொரு தடவை.
பூஜ்யம்.
"மெஷின் போச்சுங்க" என்றார் மயில்சாமி,
கண்ணாடி கொண்டுவராததால்
படிவத்தை என்னிடம் நீட்டினார்.

பெயர், வயது, கண்கள், பேச்சு.
அடுத்த கட்டத்தில்
"நடை?" என்று வாய்விட்டுப் படித்தேன்.
தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து
"மூணாவது நடை மேடம்,
திங்கக்கெழமைலேர்ந்து" என்றார்.

மாடு தேறக் காத்திருந்த நேரத்தில்
போனில் அகராதியைத் திறந்தேன்.
வடக்கே பனிக்கடல் ஓரத்து ஜனங்களின் சொல்லாம்.
முதலில் அதற்கு ஆடுவது என்று பொருளே இல்லை.
தள்ளுவது.
திரும்பத் திரும்பத் தள்ளுவது.
கப்பலேறி வந்த வழியில் எங்கோ
தள்ளியவன் சொல்லைவிட்டு இறங்கிப் போய்விட்டான்,
தள்ளப்பட்டவன் தலையில் அது நின்றுவிட்டது.

நம்முடையதைச் சொல்லிப் பார்த்தேன்.
தள்ளாடு.
முன்னாலேயே நிற்கிறது தள்ளு, ஒளியாமல்.
நாற்பத்தோரு வருஷம் வாயில் வைத்திருந்தும்
பார்த்ததில்லை.

ஓபுலேசுவின் பாஷையில் தூலுவது.
தடுப்புக்கு அந்தப் பக்கம் டீ விற்கும் ஹம்சா
வேச்சு வேச்சு என்பார்.
அவற்றுக்குள் யாராவது நின்று தள்ளுகிறார்களா
தெரியவில்லை.
டீ ஆறிக்கொண்டிருந்தது, கேட்கவில்லை.

படிவத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.
சாட்சி கையொப்பம், நாள், முத்திரை.
தள்ளியவர் பெயர் என்று
ஒரு கோடு கூட இல்லை.
நடை என்ற இடத்தில்
'மூன்றாவது' என்று எழுதினேன்.
போன வாரம் திரும்பி வந்திருக்கிறது,
தெளிவுபடுத்தவும் என்று சிவப்பு மையில்.

அன்றைக்கு நாலரைக்கு
செவலை நாலு காலையும் அகட்டி
மேடு பள்ளத்தில் போட்ட மேசை மாதிரி நின்றது,
ஆனால் நின்றது.
ஓபுலேசு பெஞ்சில் செருப்போடு தூங்கினார்.
அவருடைய போனை என் மேசையில் வைத்திருந்தார்,
சத்தத்தை அணைத்து.

அது அடிக்கத் தொடங்கியது.
எந்தச் சித்தூரிலிருந்து என்று தெரியவில்லை,
வெறும் நம்பர்.
ஒவ்வொரு அடிப்புக்கும் உதறிக்கொண்டு
ரிஜிஸ்டரைத் தாண்டி, ஊசி டப்பாவைத் தாண்டி
மேசை விளிம்பைப் பார்த்து நகர்ந்து வந்தது.

எடுத்துப் பேசவில்லை.
விளிம்பில்
கையை மட்டும் வைத்துக்கொண்டேன்.