மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு குழாய்

மொந்தெரூவோவுக்கு நான் போனதில்லை.
இங்கிருக்கும் கொடிமலைக்கே
பள்ளிக்கூடத்தில் ஒரு தரம் போனதுதான், அதுவும் மழை.
ஆனால் லெபோ பசாரில்
கைப்பேசி உறை விற்கும் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து
பதினோரு வருஷமாக ஆட்களை அங்கே அனுப்புகிறேன்.

ரோமிலிருந்து ரயில். பிறகு ஒரு பஸ்,
ஞாயிறு ஓடாது.
பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு கல்படி.
"ஹீல்ஸ் வேணாம் அக்கா, தட்டைச் செருப்பு போட்டுக்குங்க,
எண்ணூறு வருஷத்துக் கல்லு, வழுக்கும்."
ரொட்டிக்கடை செவ்வாய் மூடல்.
ஆகஸ்டிலும் ராத்திரி குளிரும்.
எல்லாம் மிலான் ஏஜென்ட் அனுப்பிய தாளில் இருக்கிறது.

குழாய் அந்தத் தாளில் இல்லை.

குழாய் நான் வைத்தது.
ஒரு மத்தியானம், ஏர்கான் சொட்டி
வாளி நிரம்பிக்கொண்டிருந்த நேரம்,
எதிரே இருந்த அம்மா கைப்பையை மூடிவிட்டார்.
"மூட்டுவலிம்மா. அத்தனை படி ஏறி
என்னத்தப் பாக்கப் போறேன்?"
அந்த மாதக் கணக்குக்கு எனக்கு ஒரு டிக்கெட் குறைவு.
வாளியைப் பார்த்தேன். சொன்னேன்:
"உச்சியில மாதா கோயிலுக்குப் பின்னால ஒரு குழாய் இருக்கு.
சிங்க வாய் வச்சது. மலைத்தண்ணி.
ஒரு மடக்கு குடிச்சா பல்லு கூசும்,
ஏறின களைப்பே தெரியாது."

கைப்பை திறந்தது.

அப்புறம் எல்லாருக்கும் சொன்னேன்.
சொல்லச் சொல்லத் தொட்டியில் பாசி படர்ந்தது,
சங்கிலியில் ஒரு பித்தளைக் குவளை வந்து தொங்கியது,
சிங்கத்துக்கு ஒரு காது உடைந்தது.
போய்வந்தவர்கள் படம் காட்டினார்கள்,
காந்தம் ஒட்டிய பொம்மை கொடுத்தார்கள்.
குழாயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நேற்று குணபூஷணம் வந்தார்.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர்.
கொள்கலனை இறக்கிப் பழகிய கண், ஓர் அங்குலம் தப்பாது.
மூச்சு வாங்கி, உட்கார்ந்து,
"இருநூத்திப் பதினாலு" என்றார்.
"படி. ரெண்ட விட்டுட்டீங்க."
திருத்திக்கிறேன் ஐயா என்றேன்.

"கோயில் பின்பக்கம் போனேன்."

பேனாவை மூடினேன். திறந்தேன்.
கீழே கடைக்காரன் பாட்டை இன்னும் சத்தமாக வைத்தான்.

"குடிச்சேன். கூசத்தான் செஞ்சிச்சு."

முகத்தைப் பார்த்தேன்.
குடிநுழைவில் முத்திரை குத்துகிறவன் முகம்போல
அதில் ஒன்றுமே இல்லை.
"சிங்கத்துக்கு எந்தக் காது ஐயா?"
கேட்டே விட்டேன்.
"இடது" என்றார், யோசிக்காமல்.

நான் யாரிடமும் பக்கம் சொன்னதில்லை.
என் மனசில் இருந்தது வலது.
ஆனால் அது எதிரே நின்று பார்த்தால்.
சிங்கத்தைக் கேட்டால் இடது என்றுதான் சொல்லும்.

காப்புறுதி பாக்கி நாற்பது ரிங்கிட்டை
எண்ணி வைத்துவிட்டுப் போனார்.
தாளை எடுத்தேன்.
பன்னிரண்டை அடித்துப் பதினாலு என்று எழுதினேன்.
அதன் கீழே, முதல் தடவையாக, குழாய் என்றும்.
காதைப் பற்றி எழுத வந்து
கை நின்றுவிட்டது.

வாளி வழிந்து தரை நனைந்திருந்தது.
மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம்.
ஹீல்ஸ்.