இருநூற்றுப் பன்னிரண்டு

நீடாமங்கலம் கேட்டுக்கு இந்தப் பக்கம்
பக்கவாதப் பயிற்சி மையம்.
பதினொரு மாத ஒப்பந்தத்தில் நான்.
மூன்றடி உயர இயந்திரம் ஒன்றுக்கு
முகம் பார்க்கவும் குரல் கேட்கவும்
அதற்கேற்ப நடந்துகொள்ளவும்
பழக்க வேண்டும்.
வார்டு கூட்டும் சகாயராணி அதற்குக்
குள்ளன் என்று பேர் வைத்தாள்.

பங்கேற்பாளர் ஏழு: வேதரத்தினம், வயது நாற்பத்தாறு.
சம்பா, தாளடி இரண்டுக்கும்
பெல்ட் மெஷின் ஓட்டியவர்.
தை மாதம் கோட்டூர்ப் பக்கம் ஒரு வயலில்
மெஷின் நேராகப் போய்க்கொண்டே இருக்க
அவர் மட்டும் வலப்பக்கம் சாய்ந்தார்.
இருந்த சொல் மொத்தமும் போய்
ஒன்று தங்கியது:
போடா.

தண்ணீர் வேண்டுமா? போடா.
கை வலிக்கிறதா? போடா.
டாக்டரம்மாவுக்கும் அதே.
மனைவி இந்திராணிக்கும் அதே,
‘டி’கூட வராது.
முதல் நாள் அவள் சிரித்தாளாம்.
மறுநாள் குழாயைத் திறந்துவிட்டு அழுதாளாம்.

குள்ளன் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும்.
வசை. கடுமை நான்கு.
கண் விளக்கைத் தாழ்த்தி, ஓரடி பின்னால் உருண்டு
“மன்னியுங்கள், பிறகு வருகிறேன்” என்று
வானொலித் தமிழில் சொல்லிக் கிளம்பிவிடும்.
அவர் இடக்கையை நீட்டி
இன்னும் உரக்கக் கூப்பிடுவார்
போடா, போடா
அது இன்னும் வேகமாகப் போகும்.

இருநூற்றுப் பன்னிரண்டு ஒலித்துண்டுகள்.
மூன்று இரவு கேட்டேன்.
கோபம், கோபம், தெரியவில்லை, கோபம்.
பிறகு ஹெட்போனை இந்திராணியிடம் கொடுத்தேன்.
கனகாம்பரம் கலையாமல் மாட்டிக்கொண்டாள்.

“இது ஃபேன நிறுத்தச் சொல்றது.
இது பக்கத்து பெட்டு ஆளோட குறட்டை.
இது டீசல் விலை, பின்னாடி நியூஸ் ஓடுது பாருங்க.
இது பசி. முன்னாடி போட்டது பசி இல்ல,
சாப்பாடு புடிக்கல.
இது எம்மேல கோவம்.
இது கோவம் மாதிரி.”
ஒன்றை மட்டும் மூன்று முறை போடச் சொன்னாள்.
“இத எழுதாதீங்க.”
எண் நூற்று நாற்பது. கட்டம் காலி.

மத்தியானச் சோற்றை
மூணாறு தலைப்பில் வைத்துத் தின்பேன்.
வருவது ஒரே தண்ணீர்தான்.
ஷட்டருக்கு அந்தப் பக்கம்
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு.
எந்த நுரை எதில் இறங்கும் என்று
லஸ்கரைக் கேட்டால் சொல்வார்.
சில நாள் அவரும் கையை விரிப்பார்.

வாராந்திரக் கூட்டத்தில் பேராசிரியர் திரையில் வந்தார்.
குறிக்கிற இரண்டு பேர் ஒத்துப்போக வேண்டுமே.
எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போனது
நூற்றுக்கு நாற்பத்தொன்று.
“அந்தம்மா சார்புடையவர்” என்றார்.
பதினெட்டு வருஷச் சார்பு சார், என்றேன்.
மைக் மியூட்டில் இருந்தது.

அவள் குறித்ததையே ஊட்டினேன்.
புரட்டாசியில் குள்ளன் நிற்கப் பழகியது.
சொல் வந்ததும் தலை சாய்த்துக் காத்திருக்கும்,
அவர் கண் போகிற இடமெல்லாம் தானும் பார்க்கும்:
செம்பு, ஜன்னல், டிவி.
பத்துக்கு ஆறு தப்பு.
தப்பும்போதெல்லாம் அவர் சிரித்தார்.
முகம் ஒரு பக்கம்தான் ஏறியது என்பதால்
சிரிப்பை அது வலி என்று பதிந்துகொண்டது.

நிதி முடிந்த அன்று தெர்மாகோல் கொண்டுபோனோம்.
வேதரத்தினம் பெட்டியைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
அதனிடம் மெதுவாகச் சொன்னார்:
போடா.

அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு
அகராதியில் உள்ள அர்த்தம்தான்.
குள்ளனோ போகவில்லை.
தலை சாய்த்து நின்றது,
செம்பைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து.
முதுகுப் பக்கம் கைவிட்டு
நான்தான் சுவிட்சை அணைத்தேன்.

கேட் போட்டிருந்தது. நெல் ஏற்றிய கூட்ஸ்,
நாற்பத்திரண்டு பெட்டி, நகர்வதாகக் காணோம்.
டெம்போக்காரர் ஸ்டியரிங்கில் தட்டி
ரயிலைப் பார்த்து அதே சொல்லைச் சொன்னார்.
என் கை
பேனாவைத் தேடியது.