எர்த்தில் நான்கு வோல்ட்

பட்டறைக்குள் வந்து பத்தாவது நிமிடம்
கார் தானாகவே குணமாகிவிடுகிறது.
அதுதான் அதன் நோய்.

துலம்சுரேன் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தாள்.
மேசையில் உருண்டன இரண்டு ஆக்சுவேட்டர்கள்.
"போன குளிருக்கு ஒன்று மாற்றினார்கள்,
இந்தக் குளிருக்கு இன்னொன்று.
ஓட்டுகிற என் பக்கம் சூடு,
அவர் பக்கம் ஐஸ்."
இரண்டுக்கும் பேட்டரியைத் தொட்டுக் காட்டினேன்.
இரண்டும் உர்ரென்று சுழன்றன.
நல்ல வேலைக்காரர்களை
விசாரிக்காமலே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இடது சீட்டில் கணவர், கோம்போ.
மின்நிலையத்தில் இரவு ஷிஃப்ட்.
ஊரையே சூடாக்கிவிட்டு
இந்தச் சீட்டில் வீடு திரும்புகிறவர்.
"ரெண்டு குளிர்காலம் எப்படி உட்கார்ந்தீங்க?"
"பரவாயில்லை, சூடாத்தான் இருக்கு" என்றார்,
கையுறைக்கு மேல் கையுறை போட்டிருந்தவர்.

ஃபால்ட் கோடு ஒன்றுமில்லை.
உலான்பாதரில் வெளியே
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
வண்டியை அங்கேயே தள்ளி நிறுத்தினேன்.
மறுநாள் விடியும்வரை உறையட்டும்.

காலையில்
டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி
தலைகீழாய்க் கிடந்தேன், கால்கள் சீட்டின் முதுகில்.
ஊசிமுனையைப் பிடிக்க
ஒரு கையுறையைக் கழற்றத்தான் வேண்டும்.
மல்டிமீட்டரில் இலக்கங்கள்
ஆறிய கொழுப்புபோல் மெல்ல நகர்ந்தன.

மேலிருந்து வரும் கம்பி: ஐந்து. சரி.
கதவு நிற்கும் இடத்தைச் சொல்லும் கம்பி: நாலரை.
கம்ப்யூட்டர் கணக்கில் நாலரை என்றால்
சூட்டின் கதவு முழுக்கத் திறந்தாயிற்று.
கையை விட்டுத் தடவினேன்.
மூடியிருந்தது.

நாலரை நம்பும்படியான எண்.
ஐந்தைத் தொட்டிருந்தால் சந்தேகம் வந்திருக்கும்,
ஒரு விளக்காவது எரிந்திருக்கும்.
இது யாரையும் தொந்தரவு செய்யாத எண்.
மோட்டார் ஆணைக்குக் காத்திருந்தது.
ஆணையிடுகிறவனுக்கோ
எல்லாம் திருப்தி.

பிறகு எர்த்.
பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில்
நான்கு.

அங்கிருந்து கம்பியைப் பின்தொடர்ந்தேன்,
ஒரு சாண், இன்னொரு சாண்,
கம்பளத்துக்கு அடியில் ஒரு கிரிம்ப்.
கோடையில் யாரோ கொட்டிய உப்புத் தேநீர்
பச்சையாய்ப் பூத்திருந்தது அதில்.
வெதுவெதுப்பில் ஒட்டிக்கொள்ளும்,
குளிரில் சுருங்கி
மயிரிழை விலகிவிடும்.
அதனால்தான் எந்தப் பட்டறையிலும்
அது அகப்படவில்லை.
பட்டறைகள் எல்லாம் சூடானவை.

வெட்டினேன். சுரண்டினேன். சால்டர் வைத்தேன்.
விரல்நுனி ஒன்றில் உணர்ச்சி
மதியம்தான் திரும்பியது.

பையிலிருந்த இரண்டில் பழையதை
மறுபடி மாட்டினேன். அதுவே போதும்.
புதிதாய் வாங்கியதற்குப் பணம் கேட்கப்போகிறேன் என்றாள்
துலம்சுரேன்;
அந்தச் சண்டைக்கு நான் போகவில்லை.

வெளியிலேயே வைத்து ஓடவிட்டோம்.
டேஷ்போர்டுக்குள் ஒரு சின்ன முனகல்,
கதவு நகர்ந்தது.
கோம்போ ஒரு கையுறையைக் கழற்றினார்,
பிறகு அதற்குள் இருந்ததை.
துவாரத்தின் முன் உள்ளங்கையை விரித்தார்.
நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்தோம்,
மீட்டரைப் பார்ப்பதுபோல.

வெகுநேரம் பேசவில்லை.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு
மனைவியிடம் சொன்னார்:
"கொஞ்சம் அதிகமா இருக்கு.
குறைக்கிறியா?"

அவள் குறைக்கவில்லை,
சிரித்து முடிக்கும்வரை.