ஒன்பது நிமிடம்

பொத்தானை அழுத்திவிட்டு
ஷட்டரை முழுசாய் ஏற்றுவேன்.
சாமி படத்துக்கு ஊதுபத்தி.
எதிர்க்கடை டீ வந்து
பாதி குடித்திருப்பேன்.
அப்போதும் திரையில்
அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

கோத்தகிரி, டானிங்டன் பஸ் நிறுத்தத்துக்கு மேலே
எட்டுக்குப் பத்து கடை.
பட்டா, சாதிச் சான்று, முதியோர் பென்ஷன்,
ஜெராக்ஸ் இரண்டு ரூபாய்.
எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெட்டி,
இரண்டாயிரத்துப் பன்னிரண்டில்
குன்னூரில் தவணைக்கு எடுத்தது.
வந்த புதிதில்
நான் நாற்காலியை இழுப்பதற்குள் விழித்துவிடும்.

"வயசாயிடுச்சும்மா, தூக்கிப் போடு"
என்றார் போஜா கவுடர்.
அவர் ஓட்டும் ஜீப்புக்கு
என் வயசைவிட இரண்டு கூட.
சொன்னேன்.
"அது மேடு ஏறுதே" என்றார்.

அரவேனுவிலிருந்து பெனடிக்ட் வந்தான்.
பக்கத் தகட்டைக் கழற்றியதும்
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
காற்றாடியின் இறக்கைகளில்
கம்பளி கம்பளியாய்த் தூசி,
ஃபேக்டரிப் பக்கத்துத் தேயிலைத் தூளும்
ஆடி மாதப் பூஞ்சையும் சேர்ந்து நெய்தது.
மூலையில் பல்லி முட்டை, ஓடு மட்டும்.

"ப்ராசஸர் தொண்ணூறு டிகிரிக்கா."
வெளியே பதினொன்று.
நான் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை.
என் முழங்காலை ஒட்டி இத்தனை நாள்
ஒன்று கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது.
சூடு தாங்காமல்
தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாம்,
எரிந்து போகாமலிருக்க.
உள்ளே தடவியிருந்த பேஸ்ட்
காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது.

காலையில் அதோடு கூடவே விழிக்க
முப்பத்தொரு பேர் உள்ளே காத்திருக்கிறார்கள்:
ஒரு பிரிண்டரின் ஆள்
(அந்தப் பிரிண்டர் போய் ஐந்து வருடம்),
ஓசியில் வந்த வைரஸ் காவலர்கள் இருவர்,
ஒருவரையொருவர் சந்தேகித்தபடி,
கோத்தகிரியில் மேகமூட்டம் என்று சொல்ல
ஒரு வானிலைக்காரன்.
எனக்கு ஜன்னல் இருக்கிறது.

டிஸ்க் நிரம்பி வழிந்தது.
ஒரே கோப்பின் துண்டுகள் நாற்பது இடத்தில்.
கவ்வாத்து முடிந்த தோட்டத்தில்
சுள்ளி பொறுக்குகிறவள்போல
ஊசி ஓடி ஓடிச் சேர்க்கிறது.
"ராம் ரெண்டு ஜிபி. அன்னிக்குத் தாராளம்.
இன்னிக்கு ப்ரவுசர் மட்டுமே அதைத் தின்னுட்டு
இன்னும் வைன்னு கேக்கும்."
பருத்தது பக்கங்கள்தான்.
அதே மேட்டில் ஏறச் சொல்லி
வருடா வருடம் மூட்டைக்குள்
ஒரு கல் கூட்டியிருக்கிறோம்.

கெட்டுப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம்
கணக்கு எழுதினான்.
எஸ்.எஸ்.டி., ராம், பேஸ்ட், கூலி:
நாலாயிரத்து முன்னூறு.
புதுசு முப்பத்தாறாயிரம், மானிட்டர் இல்லாமல்.
"ஆனா புது விண்டோஸ் இதைச் சேத்துக்காது.
பழசுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்னுடும்.
வேகம் நான் தரலாம். பூட்டு தர முடியாது."

பூட்டு என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன்.
கட்டபெட்டு வரைக்கும்
பாதி ஊரின் ஆதார் நகல்
டெஸ்க்டாப்பில் கிடக்கிறது, 'புதிய ஃபோல்டர் ஏழு' என்ற பெயரில்.
ஜூனில் பையனுக்கு ஃபீஸ்.
கடைசியில் இரண்டும் செய்தேன்:
நாலாயிரத்து முன்னூறுக்குச் சரி என்றேன்,
அன்று மாலையே
மேரி அக்காவின் சீட்டில் பெயர் கொடுத்தேன்.
ஃபோல்டர் ஏழை அழிக்க
இரவு மணி ஒன்று ஆனது.

மறுநாள்
பொத்தானை அழுத்தினேன். பதினெட்டு நொடி.
ஷட்டர் பாதியில் நிற்கிறது,
ஊதுபத்தி இன்னும் டப்பாவில்,
திரை என்ன வேண்டும் என்று கேட்கிறது.
என்ன செய்வதென்று தெரியாமல்
காலண்டர் தாளைக் கிழித்தேன்.

முதல் ஆள் கவுடர், பட்டா நகலுக்கு.
அரசுத் தளத்தைத் திறந்து
எண்ணைத் தட்டினேன்.
வட்டம்.
சுற்றியது, சுற்றியது.
"பாத்தியா? அன்னிக்கே சொன்னேன்,
தூக்கிப் போடுன்னு."
"இது என் வட்டமில்ல கவுடரே.
சென்னையிலிருந்து வருது."
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
கிட்டே குனிந்து பார்த்தார்,
ஜீப்பின் ரேடியேட்டரைப் பார்ப்பதுபோல.
பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.
எதிர்க்கடைக்கு இரண்டு விரல் காட்டினேன்.