தட்டுக்கு அடியில்

தாண்டிக்குடியில் மிளகு நிறுப்பவன் நான்.
இங்கே காலூன்றித்தான் முருகன்
பழனிக்குத் தாண்டினானாம்.
பாறையில் பாதத்தைக் காட்டுவார்கள். கும்பிடுவேன்.
தாண்டிப் போனவரை நம்பச் செலவேதும் இல்லை.
திரும்பி வருகிறவர்கள்தான் சங்கடம்.

போன தையில்
மேலத்தோட்டத்துக் கல்திட்டையை அளக்க
மாணவர்கள் நாலு பேர் வந்தார்கள்.
காப்பிச் செடிகளுக்கு நடுவே நாலு பலகைக்கல்,
மேலே மூடுகல், முன்கல்லில்
தேங்காய் நுழையும் அளவுக்கு ஒரு துளை.
மருந்து தெளிக்கும் டப்பாவை
நாங்கள் அதற்குள்தான் வைப்போம்.
செத்தவருக்குச் சோறு தள்ள என்றான் ஒருவன்.
இல்லை, அவர் வெளியே வர என்றாள் இளவெயினி.
மழைக்கு என் கடையில் ஒதுங்கியவள்
மூலையில் தொங்கும் பழைய தராசைப் பார்த்துச் சொன்னாள்:
எகிப்தில்
இறந்தவன் நெஞ்சை ஒரு தட்டில் வைப்பார்களாம்,
மறு தட்டில் ஓர் இறகு.
நிறுப்பது நரித்தலைச் சாமி.
நெஞ்சு கனத்தால் முதலைவாய் மிருகம் ஒன்று
அங்கேயே தின்றுவிடும். அத்தோடு சரி.

தட்டுக்கு அடியில்
யாராவது குனிந்து பார்ப்பார்களா என்று கேட்டேன்.
சிரித்தாள்.
மழை விட்டதும் போய்விட்டாள்.

ரசத்துக்குக் கரைக்கிற எலுமிச்சை அளவு
புளி.
படிக்கல் தட்டின் அடியில் அப்பியிருப்பேன்,
கரண்ட் தராசு வருவதற்கு முன்பு.
பண்ணைக்காட்டுக் குழந்தைவேலு மன்னாடி
பதினோரு வெள்ளாமை என்னிடம் இறக்கினார்.
முள்ளைப் பார்க்க மாட்டார்,
என் முகத்தைப் பார்ப்பார்,
சரியாப்பா என்பார்,
நான் சொன்னதை வாங்கி மடியில் செருகுவார்.
கூட்டினால் ஒரு மூட்டை வருமோ என்னவோ.
கூட்டிப் பார்த்ததில்லை.
ஐப்பசி மழையில் செத்தார்.
வாய்க்கரிசி போட்டேன்.
அதை மட்டும்தான் அவருக்கு நிறுக்காமல் கொடுத்தது.

கடன்பட்டுச் செத்தவன்
கொடுத்தவன் தொழுவத்தில் மாடாய்ப் பிறப்பான்,
கேட்டிருக்கிறேன்.
கொடுத்தவன் முந்திச் செத்தால்
என்னவாய் வருவான் என்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.

நேற்று சகாய நிர்மலா
கொல்லைக்கொடியில் பறித்த இரண்டு கிலோவோடு வந்தாள்.
கூடவே மகன் ஜெரோன், நாலு வயசு.
நான் எண்ணைப் படித்துக்கொண்டிருக்கும்போது
பயல் நேராக மூலைக்குப் போனான்.
எக்கி
பழைய தட்டின் அடியில் விரலை விட்டுத் தடவினான்.
திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.
புளி எங்கே என்றான்.

மிளகு என் கையிலிருந்து சிந்தியது.

எதைப் பார்த்தாலும் புளி கேப்பாண்ணே,
வயித்துல இருக்கும்போது நான் தின்னது அப்படி என்றாள் அவள்.
பொறுக்கக் குனிந்தபடியே கேட்டேன்,
மறுபிறப்பு உண்டா உங்களில்?
ஒரு சாவு, ஒரு தீர்ப்புண்ணே, அவ்வளவுதான்.
தீர்ப்புக்குத் தராசு உண்டா?
மிக்கேல் சம்மனசு கையில பிடிச்சிருப்பாரே,
கோயில் படத்துல பாத்ததில்லையா?

எத்தனை சாமி, எத்தனை கை.
என் தொழிலை விட்ட சாமி ஒன்றுகூட இல்லையா?

டின்னைத் திறந்து
எலுமிச்சை அளவு உருட்டிப் பயலிடம் நீட்டினேன்.
உறிஞ்சி ஒரு கண்ணை மட்டும் மூடினான்.
மன்னாடியும் அப்படித்தான் மூடுவார்,
பீடிப்புகைக்கு.
உலகத்தில் எல்லாரும் புளிக்கு அப்படித்தான் மூடுவார்கள்
என்று சொல்லிக்கொண்டேன்.
அவள் காசுக்கு மேலே நானூறு வைத்தேன்.
எண்ணிப் பார்த்தாள். தப்பா வந்திருச்சுண்ணே என்று
திருப்பி வைத்தாள்.
அதன் மேல், புளிக்கு என்று
ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று.
வேண்டாம் என்றேன்.
கடன் வேண்டாம்ணே என்றாள்.

வத்தலக்குண்டு பஸ் ஹாரன் அடித்தது.
ஓடினார்கள். மூடுபனி.
கல்லாவில் போடாமல்
இன்னும் கையில் வைத்திருக்கிறேன் அந்த ஐந்து ரூபாயை.
முன்னதோடு
இதையும் கூட்ட வேண்டும்.