மூன்றாவது பெரியவர்

ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது விதி.
பதினெட்டுப் பிள்ளைகள்.
மிர்தேலின் அப்பாவுக்குக் காலையில் காய்ச்சல்.
டீச்சர் ஹெல்வே பஸ்ஸைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்.

நான் ஓட்டுநர். பெயர் ஹெய்னோ.
தார்த்துவிலிருந்து பள்ளிக்கூடங்களை ஏற்றி வந்து
சதுப்பின் ஓரத்தில் நிறுத்திவிட்டு
நாலு மணிநேரம் தூங்குவது என் வழக்கம்.
இப்போது கழுத்தில் ஒரு விசில்,
எனக்கென்று ஆறு பேர்.

வழிகாட்டிப் பெண்
வாத்துக்கால் மாதிரி அகன்ற ப்ளாஸ்டிக் தட்டுகளை நீட்டினாள்,
பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ள.
வேண்டாம் என்றேன்.
முப்பத்தொரு வருஷம் பிரேக் மிதித்த கால் இது.

பலகைப் பாதை முடிந்ததும்
பூமி மெத்தையாகிவிட்டது.
இங்கே ஒருவர் குதித்தால்
பத்தடி தள்ளி ஒரு குட்டைப் பைன் தலையசைக்கிறது.
இருநூறு வயது அதற்கு, என்றாள் வழிகாட்டி.
யோசெப் முதுகை ஒட்டி நின்று உயரம் பார்த்தான்:
"நான் ஜெயிச்சேன்."

அப்புறம் பாடம்.
உள்ளே இறங்கிவிட்டால் உதைக்காதே.
கத்தலாம். உதைக்காதே.
உதவப் போகிறவர் ஓடக் கூடாது, படுத்துப் போக வேண்டும்.
பிள்ளைகள் முறைவைத்து மூழ்கினார்கள்.
எட்டு வயதில் சாவதற்குத்தான் எவ்வளவு ஆசை!
கெர்த்து மூன்று முறை செத்தாள்,
ஒவ்வொரு முறையும் வேறு வேறு கடைசி வார்த்தை.
நான் போனில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தேன்.

கிரான்பெர்ரி.
பாசியின் மேல் பாசிமணி அறுந்து கொட்டியது போல.
வீட்டுக்கு ஒரு கைப்பிடி ஆகட்டுமே என்று
ஓரடி ஒதுங்கினேன், ஒரே ஓரடி.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
தெரிந்துவிட்டது.
தொடை வரை.

பழைய தேநீர் நிறத்தில் தண்ணீர்,
அக்டோபரின் குளிர் அத்தனையும் அதற்குள்.
உதைத்தேன்.
இன்னும் கொஞ்சம் இறங்கினேன்.
விசிலை மறந்தே போனேன்.

"உதைக்காதீங்க, ஹெய்னோ!"

ஆறு பேரும் படுத்துவிட்டார்கள்.
கெர்த்து முன்னால், அவள் கணுக்காலை ஓத் பிடிக்க,
அவன் கணுக்காலை யோசெப்,
ஈரத்தில் வயிறு தேய ஊர்ந்து வந்தது அந்த ரயில்.
இழுக்கவில்லை. நூற்றுநாலு கிலோவை யார் இழுப்பது?
சொன்னார்கள்:
பின்னால சாயுங்க.
வானத்தைப் பாருங்க.
முட்டியை மட்டும் மெதுவா ஆட்டுங்க,
மெதுவான்னா மெதுவா.

வானத்தைப் பார்த்தேன்.
அதில் ஒன்றும் இல்லை, வெளுத்துக் கிடந்தது.
கெர்த்துவின் கையுறை என் காலரை இறுக்கிப் பிடித்திருந்தது.
ஏதோ ஒன்று சப்புக்கொட்டியது,
கால் வந்தது.
ஷூ வரவில்லை.

"கடைசி வார்த்தை என்ன யோசிச்சீங்க?" கெர்த்து.
பொய் சொல்ல நேரமில்லை எனக்கு:
"வண்டிச் சாவி எந்தப் பையில என்று."
அவளுக்கு அது பிடிக்கவில்லை.

வழிகாட்டி திரும்பி ஓடி வந்தாள்.
வரவில்லை, படுத்து வந்தாள்.
ஷூ அங்கேயே கிடக்கும் என்றாள்,
இந்தப் பாசிக்குள் எதுவும் சீக்கிரம் மக்காது,
ஆயிரம் வருஷம் கூடக் கிடக்கலாம்.
அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் கூத்தாடினார்கள்.
"அப்போ தோண்டி எடுத்து
ஒத்தைக் கால் மனுஷங்க வாழ்ந்த ஊருன்னு எழுதுவாங்க!"

பஸ்ஸில் ஹெல்வே படிவம் நிரப்பினார்.
சம்பவத்துக்கு உள்ளானவர் பெயர்: என் பெயர்.
அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.
வகுப்பு?
"இரண்டு பி," என்றான் யோசெப், எட்டிப் பார்த்து.
அவர் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது,
சாலையைப் பார்க்க வேண்டியவன் நான்.

இடது காலில் ஓத் கழற்றித் தந்த கம்பளித் தொப்பி.
தார்த்து வரைக்கும்
கியர் மாற்றும்போதெல்லாம்
கிளட்சின் மேல் ஒரு சிவப்புக் குஞ்சம் ஆடியது.